அண்டத்துக்கு வரலாறு உண்டா? முத்தொரையிலிருந்து கோடத் வரை

2020 செப்டம்பர் 7 அன்று புணேயில் கோவிந்த் ஸ்வரூப் தமது 91ஆம் வயதில் காலமானார். ஐந்து வாரங்கள் கழித்து, அக்டோபர் 14 அன்று, ‘நேச்சர்’ இதழில் இந்திய ஆய்வாளர் ஐவரின் கட்டுரை ஒன்று வெளிவந்தது. அவர்களுள் ஆதித்ய சௌதுரி, நிஸ்ஸிம் கனேகர், ஜெயராம் செங்கலூர் ஆகிய மூவர் புணேயிலுள்ள தேசிய ரேடியோ வானியற்பியல் மையத்தைச் சேர்ந்தவர்கள். சிவ் சேத்தியும் கே.எஸ். துவாரகநாத்தும் பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தவர். சுமார் 800 கோடி ஆண்டுகளுக்கு முன்பு விண்மீன் மண்டலங்களில் இருந்த அணு ஹைட்ரஜனின் சராசரி அளவை முதன்முறையாக அளந்திருப்பதாக அக்கட்டுரை அறிவித்தது. அளப்பதற்குப் பயன்பட்டது, ஸ்வரூப் 1980களில் கருக்கொண்டு, பிறகு எழுப்பிய ஜி.எம்.ஆர்.டி. தொலைநோக்கி. அது கட்டப்பட்டதன் தலையாய நோக்கங்களுள் ஒன்றே தொலைதூர ஹைட்ரஜனைத் தேடுவதுதான். ஆனால் அன்று தேடப்பட்ட ஹைட்ரஜன் வேறு, 2020இல் கிடைத்த ஹைட்ரஜன் வேறு. தேடப்பட்டது ஒருபோதும் இருந்ததில்லை என்பது இடைப்பட்ட காலத்தில் தெளிவாகிவிட்டது.

இந்தக் கதையை ஜி.எம்.ஆர்.டி.யிலிருந்து தொடங்கினால் பாதிதான் விளங்கும். அண்டத்துக்கு வரலாறு என ஒன்று உண்டா என்பதே விவாதப் பொருளாக இருந்த காலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

1948இல் ஹெர்மன் பாண்டி, தாமஸ் கோல்ட், பிரெட் ஹாய்ல் ஆகியோர் மாறாநிலை அண்டக் கோட்பாட்டை முன்வைத்தனர். அண்டம் விரிகிறது என்பதை அவர்கள் ஏற்றுக்கொண்டனர். ஆனால் விரியும் இடைவெளியில் புதிய பருப்பொருள் இடையறாது தோன்றி, புதிய விண்மீன் மண்டலங்களாகத் திரண்டு, சராசரி நிலையை மாறாமல் காக்கிறது என்றனர். இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒரு நுட்பம் உண்டு. தனியொரு விண்மீன் மண்டலம் பிறந்து முதிர்வதை இக்கோட்பாடு மறுக்கவில்லை. ஓர் ஊரில் குழந்தைகளும் முதியவர்களும் எப்போதும் ஒரே விகிதத்தில் இருப்பதைப் போல, மண்டலங்களின் தொகை மட்டும் எக்காலத்தும் ஒரே கலவையாக இருக்கும் என்பதே அதன் கூற்று. ஆகவே அதைச் சோதிக்கும் வழியும் தெளிவாக இருந்தது. ஒளி வந்துசேரக் காலம் எடுத்துக்கொள்வதால், தொலைவைப் பார்ப்பது கடந்த காலத்தைப் பார்ப்பதாகும். தொலைவில் உள்ள கலவை அருகில் உள்ளதினின்று வேறுபட்டால் அண்டத்துக்கு வரலாறு உண்டு, வேறுபடாவிட்டால் இல்லை.

கேம்பிரிட்ஜில் மார்ட்டின் ரைல் ரேடியோ மூலங்களை எண்ணத் தொடங்கினார். மங்கலான மூலங்கள் எதிர்பார்த்ததைவிட மிக அதிகம் என்றும், ஆதலால் கடந்த காலத்தில் அவை இன்றைவிட மிகுதியாக இருந்தன என்றும் 1955இல் அறிவித்தார். அவருடைய முதல் பட்டியலில் பிழைகள் மலிந்திருந்தன. சிட்னி ஆய்வாளர்களின் எண்ணிக்கை அதனோடு ஒத்துப்போகவில்லை. திருத்திய பட்டியலோடு 1961இல் ரைல் மீண்டும் வந்தபோது, ஹாய்லும் அவருடைய ஆராய்ச்சி மாணவரான ஜயந்த் நார்லிகரும் மறுப்பு எழுதினர். அந்தச் சண்டையின் கசப்பு வானியல் வட்டாரங்களில் நெடுங்காலம் நிலைத்தது. 1965இல் நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு கண்டுபிடிக்கப்பட்டதும் பெரும்பாலோர் மாறாநிலைக் கோட்பாட்டைக் கைவிட்டனர். ஆயினும் ரேடியோ மூலங்களைக் கொண்டு தொடங்கிய வழக்கு அவற்றைக் கொண்டே முடிவடைய வேண்டியிருந்தது.

ஸ்வரூப் இந்தியா திரும்பியது 1963இல். வெளிநாடுகளில் பணியாற்றிய டி.கே. மேனன், எம்.ஆர். குண்டு, டி. கிருஷ்ணன் ஆகியோருடன் சேர்ந்து, இந்தியாவில் ஒரு ரேடியோ வானியல் குழுவை அமைக்கலாம் என்று 1961இல் அவர் எழுதிய கடிதத்துக்கு ஹோமி பாபா உடன்பட்டிருந்தார். மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணி தொடங்கியது. முதல் கருவி கல்யாண் அருகே அமைந்தது. ஆஸ்திரேலியா அன்பளிப்பாக அளித்த, ஆறடி விட்டமுள்ள சிறு கிண்ண அலைவாங்கிகள் 32 கொண்ட வரிசை அது. அவை சிட்னி அருகே பாட்ஸ் ஹில்லில் டபிள்யூ.என். கிறிஸ்டியான்சென் அமைத்தவை. ஹைட்ரஜனின் 21 சென்டிமீட்டர் அலைவரியை ஹார்வர்டில் யூவனும் பர்செலும் 1951இல் கண்டறிந்தபோது அதை உடனடியாக உறுதிசெய்தவர்களுள் கிறிஸ்டியான்சென்னும் ஒருவர். கருவிகளின் வம்சாவளியைத் தேடுபவர்களுக்கு இது சுவையான செய்தியாக இருக்கலாம்.

ஆனால் ஸ்வரூப்பின் மனத்தில் இருந்தது அதனினும் பெரிய திட்டம். தொலைதூர ரேடியோ மூலங்களின் கோண அளவைத் துல்லியமாக அளக்க அக்காலத்தில் கிடைத்த மலிவான வழி நிலவு மறைப்பு. நிலவின் விளிம்பு ஒரு மூலத்தை மறைக்கும் கணத்தில் குறிகை எவ்வாறு ஏறி இறங்குகிறது என்பதைப் பதிவுசெய்தால், அந்த மூலம் எவ்வளவு அகலமானது என்பதைக் கணக்கிடலாம். இதற்கு நிலவின் பாதையை நாள்தோறும் மணிக்கணக்கில் தொடரக்கூடிய பெரிய தொலைநோக்கி வேண்டும். அதற்கான இடம் நீலகிரியில் கிடைத்தது. உதகமண்டலத்தை அடுத்த முத்தொரையில் வடக்குத் தெற்காகச் சரியும் ஒரு மலைச்சரிவின் சாய்வு ஏறக்குறைய 11 பாகை. அந்த இடத்தின் அட்சரேகையும் அதுவே. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட உருளை வடிவத் தொலைநோக்கியை அச்சரிவின் மீது கிடத்தியதும், அதன் அச்சு புவியின் சுழல் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. அந்த ஓர் அச்சில் சுழற்றினாலே வானத்தில் எந்த மூலத்தையும் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடரலாம். விலையுயர்ந்த இயந்திர அமைப்பு செய்ய வேண்டிய வேலையை நிலவியல் செய்தது. 24 பரவளையச் சட்டங்கள், அவற்றின் மேல் இழுத்துக்கட்டிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் 1,100. 1970இல் அது இயங்கத் தொடங்கியது.

நிலவு மறைப்பின் வழியாக நூற்றுக்கணக்கான மங்கலான மூலங்களின் அளவுகள் முத்தொரையில் பதிவாயின. 1975இல் ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் அவற்றின் பொருளை வெளியிட்டனர். மூலம் மங்க மங்க அதன் சராசரிக் கோண அளவும் குறைந்துகொண்டே சென்றது. அந்தக் குறைவு மாறாநிலை அண்டத்தில் எதிர்பார்க்கத் தக்க அளவில் இல்லை. கடந்த காலத்தில் ரேடியோ மூலங்கள் எண்ணிக்கையில் மிகுந்தும் உருவத்தில் சிறுத்தும் இருந்தன என்று கொண்டால் மட்டுமே அளவுகள் பொருந்தின. ஆக, தொலைவில் உள்ள கலவை வேறு. அண்டத்துக்கு வரலாறு உண்டு.

இம்முடிவு வெளியானபோது நார்லிகர் அதே டாட்டா நிறுவனத்தில் பேராசிரியராக இருந்தார். பின்னர் புணேப் பல்கலைக்கழக வளாகத்தில் நார்லிகர் நிறுவிய ஐயூக்காவும், ஸ்வரூப்பின் மரபில் வந்த ரேடியோ வானியற்பியல் மையமும் அண்டை வீடுகளாயின. நார்லிகர் தமது ஐயங்களைக் கடைசிவரை விடவில்லை. 1993இல் ஹாய்ல், ஜெஃப்ரி பர்பிட்ஜ் ஆகியோருடன் சேர்ந்து மாறாநிலைக் கோட்பாட்டின் திருத்திய வடிவம் ஒன்றை வெளியிட்டார். அக்கோட்பாடு நிலைபெறவில்லை. எனினும் நேர்மாறான இரு நிலைப்பாடுகள் ஒரே நிறுவனத்துக்குள் இத்தனை ஆண்டுகள் ஒன்றையொன்று ஒழிக்க முயலாமல் வாழ்ந்தன என்பதை இந்திய அறிவியல் வரலாறு எழுதுவோர் போதிய அளவு கவனிக்கவில்லை.

மாற்றம் உண்டு என்று நிறுவுவதோடு வேலை முடிந்துவிடவில்லை. என்ன மாறியது, எந்த வேகத்தில், ஏன்? ரேடியோ மூலங்கள் அரிதான, வன்முறையான மண்டலங்கள். சாதாரண விண்மீன் மண்டலங்களின் வரலாற்றை எழுத வேறு சான்றுகள் தேவைப்பட்டன. அதற்கான முதல் வழியைக் காட்டியவர் பியாட்ரிஸ் டின்ஸ்லி. இங்கிலாந்தில் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்த அவர், 1960களின் பிற்பகுதியில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் செய்த முனைவர் பட்ட ஆய்வில் ஒரு சங்கடமான உண்மையை எடுத்துரைத்தார். அக்காலத்து முன்னணி வானியலாளர் ஆலன் சாண்டேஜ், ஒளி மிகுந்த நீள்வட்ட மண்டலங்களை மாறாத விளக்குகளாகக் கொண்டு அண்டத்தின் விரிவு குறையும் வேகத்தைக் கணக்கிட முனைந்திருந்தார். அந்த விளக்குகள் மாறாதவை அல்ல என்றார் டின்ஸ்லி. விண்மீன்கள் முதிர்ந்து மடிய, மண்டலத்தின் நிறமும் ஒளியும் மாறும். எத்தனை விண்மீன்கள் எப்போது பிறந்தன என்று கருதிக்கொண்டால், எந்த வயதிலும் மண்டலம் எவ்வாறு தோன்றும் என்பதைக் கணினியில் கூட்டிப் பெறலாம். அவ்வாறு கூட்டியபோது, முதுமையால் நேரும் ஒளி மாற்றம், சாண்டேஜ் அளக்க விரும்பிய விளைவையே விழுங்கும் அளவுக்குப் பெரிதாக இருந்தது. அண்டத்தின் வடிவத்தை அறியுமுன் விண்மீன் மண்டலங்களின் வரலாற்றை அறிந்தாக வேண்டும் என்றாயிற்று. இத்தகைய ஆய்வை எழுதியவருக்குத் தாம் வாழ்ந்த நகரத்தில் பல ஆண்டுகள் முறையான பணியிடம் கிடைக்கவில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானது 1978இல். 1981இல், 40 வயதில், புற்றுநோயால் இறந்தார். இன்று மண்டலமொன்றின் நிறமாலையிலிருந்து அதன் விண்மீன் பிறப்பு வரலாற்றை மீட்டெடுக்கும் ஒவ்வொரு நிரலும் அவருடைய முறையின் வழித்தோன்றலே.

1995 டிசம்பரில் ஹபிள் தொலைநோக்கியின் நிறுவன இயக்குநர் ராபர்ட் வில்லியம்ஸ் தமது விருப்புரிமை நேரத்தைச் செலவிட்டு, சப்தரிஷி மண்டலத் திசையில் வெறுமையாகத் தோன்றிய ஒரு சிறு துண்டு வானத்தைப் பத்து நாட்கள் தொடர்ந்து படமெடுக்கச் செய்தார். அரிய நேரத்தை வெற்றிடத்தில் வீணாக்குவதா என்று மூத்தோர் சிலர் தயங்கினர். படத்தில் ஏறத்தாழ 3,000 மண்டலங்கள் தெரிந்தன. அடுத்த ஆண்டே பியெரோ மடாவ் முதலானோர் அவற்றைக் கொண்டும், சைமன் லில்லி குழுவினர் தங்கள் செம்பெயர்ச்சிக் கணக்கெடுப்பைக் கொண்டும் ஒரு வரைபடத்தை உருவாக்கினர். கிடையச்சில் அண்டத்தின் காலம். நெட்டச்சில் ஓர் அலகுப் பருமனில் ஆண்டுக்கு எத்தனை சூரிய நிறை விண்மீன்களாகிறது என்ற கணக்கு. மடாவ் வரைபடம் என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. லில்லிக்கு இது அநீதி என்று கருதுவோர் உண்டு.

அந்த முதல் வரைபடம் தூசியால் ஏமாந்திருந்தது. இளம் விண்மீன்கள் உமிழும் புற ஊதா ஒளியில் பெரும்பகுதியைச் சுற்றியுள்ள தூசி விழுங்கி, அகச்சிவப்பாக வெளியிடுகிறது. 1998இல் ஹவாய் மலையுச்சியிலிருந்து ஸ்கூபா என்னும் கருவி, ஹபிள் பார்த்த அதே துண்டு வானத்தில், புலப்படும் ஒளியில் ஒளிந்திருந்த விண்மீன் பிறப்பை வெளிக்கொணர்ந்தது. ஸ்பிட்சர், ஹெர்ஷல் ஆகிய விண்வெளித் தொலைநோக்கிகள் கணக்கைத் திருத்தின. 2014இல் மடாவும் மார்க் டிக்கின்சனும் அதுவரை கிடைத்த அளவுகள் அனைத்தையும் தொகுத்து எழுதிய கட்டுரை இன்றும் இத்துறை மாணவர் முதலில் படிப்பதாக உள்ளது. பெருவெடிப்புக்கு ஏறக்குறைய 350 கோடி ஆண்டுகள் கழித்து விண்மீன் பிறப்பு உச்சத்தை எட்டியது; அன்றைய வேகம் இன்றையதைப் போல ஒன்பது மடங்கு. பிறகு இறக்கம் தொடங்கியது. இன்றுள்ள விண்மீன் நிறையில் பாதி, செம்பெயர்ச்சி 1.3 என்ற காலத்துக்கு முன்பே, அதாவது 880 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, உருவாகிவிட்டது. கடந்த 600 கோடி ஆண்டுகளில் சேர்ந்தது கால் பங்குதான். அண்டம் தன் நடுவயதைக் கடந்து நெடுங்காலம் ஆகிறது.

ஏன் இறங்கியது? மண்டலங்கள் மோதி இணையும்போது விண்மீன் பிறப்பு பொங்கும் என்பதால், மோதல்கள் குறைந்ததே காரணம் என்று முதலில் கருதினர். 2007 அளவில் வெளியான ஆய்வுகள் அந்த விளக்கத்தைப் பலவீனப்படுத்தின. பண்டைக் காலத்தில் மோதலில் சிக்காத சாதாரண மண்டலங்களும் இன்றைவிடப் பல மடங்கு வேகமாக விண்மீன்களை ஈன்றுகொண்டிருந்தன. அப்படியானால் காரணத்தை எரிபொருளில்தான் தேட வேண்டும். விண்மீன் பிறப்பதற்கு வாயு வேண்டும். மண்டலங்களுக்கு இடைப்பட்ட வெளியிலிருந்து உள்ளே விழும் வாயு முதலில் அணு ஹைட்ரஜனாகத் தேங்கும், பின் குளிர்ந்து செறிந்து மூலக்கூறு ஹைட்ரஜனாகும், அதிலிருந்து விண்மீன். மூலக்கூறு வாயுவை அதனோடு கலந்துள்ள கார்பன் மோனாக்சைடின் வழியாகத் தொலைதூர மண்டலங்களில் 2010 முதல் அளந்து வந்தனர். அது பண்டு மிகுதியாகவே இருந்தது. ஆனால் முதல் களஞ்சியமான அணு ஹைட்ரஜனின் கணக்கேடு வெறுமையாக இருந்தது. வருமானமும் இருப்பும் தெரியாமல் செலவை மட்டும் வைத்துக் குடும்பத்தின் நிலைமையைச் சொல்ல முயல்வது போன்ற நிலை அது.

வெறுமைக்குக் காரணம் இயற்பியல். ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரானின் தற்சுழற்சி திசை மாறும்போது 21 சென்டிமீட்டர் அலை வெளியாகும் என்று 1944இலேயே ஹென்றிக் வான் டி ஹல்ஸ்ட் கணித்திருந்தார். தனித்து விடப்பட்ட ஓர் அணுவில் அந்த மாற்றம் நிகழச் சராசரியாக ஒரு கோடி ஆண்டுகளுக்கு மேலாகும். அணுக்கள் கணக்கின்றி இருப்பதால் மட்டுமே பால்வெளியிலும் அண்டை மண்டலங்களிலும் அது நமக்குக் கேட்கிறது. தொலைவு கூடினால் குறிகை இரைச்சலில் கரைந்துவிடும். 2016இல் அமெரிக்காவின் வி.எல்.ஏ. தொலைநோக்கி 178 மணி நேரம் நோக்கி ஒரு தனி மண்டலத்தின் ஹைட்ரஜனைச் செம்பெயர்ச்சி 0.376இல் பிடித்ததே அப்போதைய சாதனை. அந்த அலை புறப்பட்டது சுமார் 400 கோடி ஆண்டுகளுக்கு முன். விண்மீன் பிறப்பின் உச்சமோ 1,000 கோடி ஆண்டுகளுக்கு அப்பால் இருந்தது.

இனி ஜி.எம்.ஆர்.டி. 1980இல் மாஸ்கோவில் ஒரு குழு, நியூட்ரினோவுக்குக் கணிசமான நிறை உண்டென்று அளந்ததாக அறிவித்தது. அது மெய்யானால், அண்டத்தின் கரும்பொருள் நியூட்ரினோக்களே ஆகலாம். யாக்கவ் செல்டோவிச் வகுத்திருந்த கோட்பாட்டின்படி அத்தகைய அண்டத்தில் முதலில் உருவாவது தனித்தனி மண்டலங்கள் அல்ல. பல லட்சம் கோடி சூரிய நிறை கொண்ட தட்டையான பெரும் வாயுப் படலங்கள். அப்பம் என்றே அவற்றுக்குப் பெயரிட்டிருந்தனர். அவை உடைந்து பிறகு மண்டலங்களாகும். அத்தனை பெரிய ஹைட்ரஜன் திரள் இருந்திருந்தால், அதன் 21 சென்டிமீட்டர் அலை அண்ட விரிவால் நீண்டு ஒரு மீட்டருக்கு அருகிலோ அதற்கு மேலோ வந்து சேரும். மீட்டர் அலைகளில் இயங்கும் பெரிய தொலைநோக்கிகள் அன்று உலகில் அரிது. 1980களின் நடுவில் ஸ்வரூப் முன்வைத்த திட்டத்தின் முதன்மை இலக்குகளில் இந்த முன்மண்டலத் திரள்களும் ஒன்று. உதகைத் தொலைநோக்கியின் 326.5 மெகாஹெர்ட்ஸ் அலைவெண்ணே செம்பெயர்ச்சி 3.3இன் ஹைட்ரஜனுக்கு உரியது என்பதால், ரவி சுப்ரமணியனும் ஸ்வரூப்பும் அதைக் கொண்டே ஒரு தேடலை நடத்தி 1990இல் முடிவை வெளியிட்டனர். எதுவும் தென்படவில்லை.

புணேக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில், நாராயண்காவை அடுத்த கோடத் கிராமத்தில், 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்கள் எழுந்தன. பதினான்கு நடுவில் நெருங்கியும் மற்றவை மூன்று கைகளாக 25 கிலோமீட்டர் பரப்பிலும் நின்றன. இவ்வளவு பெரிய கிண்ணங்களை முழு உலோகத் தகட்டால் செய்திருந்தால் செலவும் காற்றின் அழுத்தமும் தாங்க முடியாதவையாகியிருக்கும். கயிறுபோல் முறுக்கி இழுத்த எஃகுக் கம்பிகளின் மேல் மெல்லிய கம்பிவலையைக் கட்டிப் பரவளையமாக்கும் உத்தி இங்கு உருவானது. முத்தொரையின் சிக்கனம் இங்கும் தொடர்ந்தது என்றே சொல்லலாம்.

அதற்குள் கோட்பாடு சரிந்துவிட்டது. மாஸ்கோ அளவீட்டை வேறெவராலும் உறுதிசெய்ய இயலவில்லை. நியூட்ரினோ நிறைந்த அண்டத்தில் மண்டலங்கள் மிகத் தாமதமாகவே பிறக்கும் என்று கணினி ஆய்வுகள் காட்டின. அதன் இடத்தில் வந்த குளிர் கரும்பொருள் கோட்பாட்டின்படி சிறியவை முதலில் உருவாகி, இணைந்து, பெரியவையாகும். அப்பங்களுக்கு அதில் இடமில்லை. 2001இல் ஜி.எம்.ஆர்.டி. நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டபோது, அதன் முதன்மை இலக்குகளுள் ஒன்று உலகில் எங்கும் இல்லாத பொருளாகியிருந்தது. துடிவிண்மீன்கள், ரேடியோ மண்டலங்கள், சூரியன் எனப் பல துறைகளில் அத்தொலைநோக்கி நன்றாகவே உழைத்தது. என்றாலும் ஹைட்ரஜன் தேடலைப் பொறுத்தவரை, கேள்வி காணாமற்போன பின்பும் நின்றுகொண்டிருந்த விடையாக அது இருந்தது. தவறான கோட்பாட்டை நம்பிப் பொதுப் பணத்தைச் செலவிட்டது சரியா என்று கேட்போருக்கு எளிய மறுமொழி கிடையாது. அன்றைய நிலையில் அது தகுதியான ஊகமே என்பதும், பெரிய பரப்பும் தாழ்ந்த அலைவெண்ணும் கொண்ட கருவி எந்த ஊகத்தையும்விட நீடித்து வாழும் என்பதை ஸ்வரூப் அறிந்திருந்தார் என்பதும் மட்டுமே சொல்லத்தக்கவை.

தொலைவிலுள்ள தனி மண்டலத்தின் குறிகை எட்டாது எனில், பல மண்டலங்களின் குறிகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி காணலாம். ஒவ்வொரு மண்டலமும் வானில் எங்குள்ளது, அதன் செம்பெயர்ச்சி எவ்வளவு என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் எந்த இடத்தில், எந்த அலைவெண்ணில் குறிகை ஒளிந்திருக்கிறது என்று அறிந்து அவற்றை ஒரே கோட்டில் நிறுத்த முடியும். இரைச்சல் தாறுமாறாக இருப்பதால் தன்னைத்தானே தேய்த்துக்கொள்ளும், குறிகை தேயாது. இந்த உத்தியை முதலில் கையாண்ட கட்டுரைகளுள் செங்கலூர் இருவருடன் சேர்ந்து 2001இல் எழுதியதும் ஒன்று. 2016இல் கனேகர், சேத்தி, துவாரகநாத் ஆகியோர் ஜி.எம்.ஆர்.டி.யின் பழைய 610 மெகாஹெர்ட்ஸ் வாங்கிகளைக் கொண்டு, செம்பெயர்ச்சி 1.3 அருகே 857 மண்டலங்களை அடுக்கினர். குறிகை கிடைக்கவில்லை, இவ்வளவுக்கு மேல் இல்லை என்ற உச்சவரம்பு மட்டுமே கிடைத்தது. பழைய வாங்கிகள் ஒரே நேரத்தில் 32 மெகாஹெர்ட்ஸ் அகலத்தையே பார்க்க முடிந்ததால், அடுக்குவதற்குப் போதிய மண்டலங்கள் சிக்கவில்லை.

தொலைநோக்கியின் மேம்பாடு அந்தக் குறையை நீக்கியது. புதிய வாங்கிகள் 550 முதல் 850 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையை ஒருசேரப் பதிவுசெய்தன. ஹவாயின் கெக் தொலைநோக்கிகளில் நடந்த டீப்2 கணக்கெடுப்பு, அதே பட்டைக்குப் பொருந்தும் செம்பெயர்ச்சி கொண்ட ஆயிரக்கணக்கான மண்டலங்களின் இருப்பிடத்தை முன்பே தந்திருந்தது. சௌதுரி குழுவினர் சுமார் 100 மணி நேர நோக்கலில் 7,653 மண்டலங்களை அடுக்கினர். அத்தனை மண்டலங்களை அடுக்கினால் இரைச்சல் ஏறத்தாழ 87இல் ஒரு பங்காகக் குறையும். அந்த அமைதியில் ஹைட்ரஜன் கேட்டது. சராசரி மண்டலம் ஒன்றில் சுமார் 1,200 கோடி சூரிய நிறை அணு ஹைட்ரஜன். அம்மண்டலங்களில் அன்றிருந்த விண்மீன்களின் மொத்த நிறைக்கு நிகரான அளவு. அதே தரவிலிருந்தே அவை ஆண்டுக்கு ஏறக்குறைய 8 சூரிய நிறையை விண்மீன்களாக்கியதும் தெரிந்தது. பால்வெளி மண்டலத்தில் இன்று அது ஓரிரு சூரிய நிறை மட்டுமே.

இருப்பைச் செலவால் வகுத்தால் கிடைப்பது 150 கோடி ஆண்டுகள். புதிய வாயு உள்ளே விழாவிட்டால், அந்தக் களஞ்சியம் 100 முதல் 200 கோடி ஆண்டுகளில் காலியாகியிருக்கும். அதன் பிறகு கழிந்ததோ 800 கோடி ஆண்டுகள். விண்மீன்கள் இன்றும் பிறக்கின்றன என்பதால் வரத்து முற்றிலும் நின்றுவிடவில்லை. பிறப்பு வேகம் அதே காலத்திலிருந்து தொடர்ந்து இறங்கியது என்பதால் வரத்து செலவை ஈடுகட்டவும் இல்லை. மடாவ் வரைபடத்தின் இறக்கத்துக்கு எரிபொருள் பற்றாக்குறையே காரணம் என்ற ஊகத்துக்கு நேரடி அளவீடு ஒன்று முதன்முறையாகத் துணைநின்றது. அருகாமை மண்டலங்களில் இருப்பு தீரப் பல நூறு கோடி ஆண்டுகள் ஆகும் என்பதையும் இங்கே ஒப்புநோக்க வேண்டும். பண்டைய மண்டலங்கள் ஊதாரிகள்.

இம்முடிவை மிகைப்படுத்தவும் கூடாது. முதல் கண்டறிதலின் புள்ளியியல் உறுதி 4.5 சிக்மா அளவிலானது. சராசரி என்பது செல்வரையும் ஏழையையும் ஒரே எண்ணுக்குள் மறைக்கும். ஆகவே அதே குழு நோக்கலை 510 மணி நேரமாக நீட்டி, 11,419 மண்டலங்களை அடுக்கி, 2022இல் அடுத்த முடிவை வெளியிட்டது. அதுவே முதல் முடிவைவிட வியப்பூட்டுவது. செம்பெயர்ச்சி 1.3இல் சராசரி ஹைட்ரஜன் நிறை சுமார் 3,400 கோடி சூரிய நிறை, செம்பெயர்ச்சி 1.0இல் சுமார் 1,060 கோடி. ஏறத்தாழ 100 கோடி ஆண்டுகளுக்குள் களஞ்சியம் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. விண்மீன் பிறப்பின் நீண்ட உச்சம் முடிந்து இறக்கம் தொடங்கும் காலமும் அதுவே.

வரத்து ஏன் அப்போது தளர்ந்தது என்பதற்குப் போட்டியிடும் விளக்கங்கள் உள்ளன. மண்டலங்களைச் சூழ்ந்த கரும்பொருள் கூடுகள் பெருக்கப் பெருக்க, உள்ளே விழும் வாயு அதிர்ச்சியலைகளால் சூடேறி, குளிர முடியாமல் வெளியே தொங்கி நிற்கும் என்பது ஒன்று. மையக் கருந்துளைகளும் வெடிக்கும் விண்மீன்களும் வாயுவை வெளியே தள்ளுகின்றன என்பது மற்றொன்று. அண்டத்தின் விரிவால் வெளியிலிருந்து விழுவதே குறைந்தது என்பதும் உண்டு. இவை ஒன்றையொன்று விலக்குவனவும் அல்ல. எது எந்த நிறையுள்ள மண்டலத்தில் மேலோங்கியது என்று பிரித்தறிய, சராசரியை விட்டுத் தனித்தனி மண்டலங்களின் ஹைட்ரஜனைப் பார்க்க வேண்டும். அதற்குக் கோடத்தின் பரப்பு போதாது.

தேவையான பரப்பு எவ்வளவு என்ற கணக்கு ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டரில் வந்து நின்றது. தொலைதூர மண்டலங்களின் ஹைட்ரஜனைக் காண அத்தகைய தொலைநோக்கி வேண்டும் என்று 1990களின் தொடக்கத்தில் பீட்டர் வில்கின்சன் எழுதியபோது, அவர் அதற்கு இட்ட பெயரே ‘ஹைட்ரஜன் அணிவரிசை’. பன்னாட்டுக் கூட்டு முயற்சியாக அதை அமைக்கலாம் என்று அதே காலத்தில் வாதிட்டவர்களுள் ஸ்வரூப்பும் ஒருவர். தென்னாப்பிரிக்காவின் கரூ பகுதியிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் இப்போது எழுந்துவரும் ஸ்கா தொலைநோக்கி அந்த முன்மொழிவுகளின் வளர்ச்சி. அதில் இந்தியா பங்கேற்பதற்கு மத்திய அரசு 1,250 கோடி ரூபாய் ஒப்புதல் அளித்தது 2024 ஜனவரியில். இந்தியாவின் பங்களிப்புகளில் ஒன்று, அந்தத் தொலைநோக்கிகளை இயக்கும் கட்டுப்பாட்டு மென்பொருள். அதற்கான அனுபவம் கோடத்தின் 30 கிண்ணங்களை இயக்கிப் பெற்றது.